தூரத்தை இசைக்குள் வைப்பது எப்படி: யாழ்ப்பாணத்தில் இருவராக எலெக்ட்ரொனிக் பொப் செய்பவர்களுக்கு

நானும் மச்சாளும் சேர்ந்து எலெக்ட்ரொனிக் பொப் செய்கிறோம். எங்களுக்குப் பின்னால் எந்த இசை நிறுவனமும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. அவள் பருத்தித்துறையில் இருந்து பாடுகிறாள், வரி எழுதுகிறாள். நான் கொக்குவிலில் எங்கள் வீட்டு நடு அறையில் சின்தசைசர், தாளம், மிக்சிங் எல்லாம் பார்க்கிறேன். எங்கள் பாட்டைக் கேட்ட பிள்ளைகள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, அந்த மிதக்கிற சத்தம் எப்படி வருது? எந்த ரிவேர்ப் போடுறீங்கள்?"

ரிவேர்ப், அதாவது சத்தத்துக்கு எதிரொலி சேர்ப்பது, கடைசி வேலை. அதற்கு முதல், பாட்டில் உள்ள ஒவ்வொரு சத்தமும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாச் சத்தத்துக்கும் ஒரே ரிவேர்பை ஊற்றினால் எல்லாமே ஒரே தூரத்துக்குப் போய்விடும். பிறகு அங்கே வெளி இருக்காது, கலங்கல்தான் இருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் தூரத்தைப் பற்றியதுதான்.

சாமான் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 8 ஜிபி ராம் உள்ள ஒரு லப்டொப், காதை மூடும் ஹெட்போன், யூஎஸ்பியில் இயங்கும் சிறிய ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக். இவ்வளவும் போதும். பாட்டைப் பதிந்து சேர்க்கும் ரீப்பர் மென்பொருளை 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம். தனியாளுக்கான உரிமம் 60 டொலர். சின்தசைசருக்கு வைட்டலின் இலவசப் பதிப்பு இருக்கிறது, சர்ஜ் எக்ஸ்டி முழுக்கவே இலவசம். நீண்டு போகும் எதிரொலிக்கு வல்ஹல்லா சுப்பர்மசிவ், அதுவும் இலவசம். இவற்றுக்கு மேல் எதையும் வாங்க முதல் இரண்டு பாட்டையாவது முடியுங்கள்.

முதலில் ஊரைப் பதிவு செய்யுங்கள்

சின்தசைசரைத் திறக்க முன்பே போனை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். போனில் எம்பி3 ஆகப் பதியாமல் வேவ் கோப்பாகப் பதியும் செயலி ஒன்றைப் போட்டு, 48 கிலோஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் காற்றுத்தான் முதல் வாத்தியம். சோளகம் வீசும் மாதங்களில் பனங்காணிக்குள் போனால் காவோலை தண்டோடு உரசும் சத்தம் இருக்கிறதே, அதைச் சிறிய துண்டுகளாக வெட்டினால் டிரம்ஸில் சிக் சிக் என்று அடிக்கும் ஹைஹட் தேவையே இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் பருத்தித்துறைக் கடல் முருகைக் கல்லில் மோதும் சத்தம் கனமாக இருக்கும். பண்ணைப் பக்கம் கடனீரேரியில் அலை அப்படி மோதாது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் சின்னச் சின்னதாக அடித்துக்கொண்டிருக்கும், அது வேறு வகை அழகு. குறிகட்டுவான் துறையில் நயினாதீவு போட்டுகள் வெளிக்கிடும்போது இயந்திரச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து போவதை முழுதாகப் பதிந்து வையுங்கள். ஒரு சத்தம் தூரமாகும்போது அதன் கூர்மை முதலில் போய், அடிச்சத்தம் பிறகு போவதைக் காதால் படிக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

காற்று நேரே மைக்கில் அடித்தால் பதிவு உடைந்துவிடும். மதிலுக்குப் பின்னாலோ பனைக்குப் பின்னாலோ நின்று பதியுங்கள். போனின் மைக் துளைக்கு மேல் மெல்லிய ஸ்பொஞ்சுத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பிறகு 100 ஹேர்ட்சுக்குக் கீழே உள்ளதை ஃபில்டரால் வெட்டிவிடலாம்.

பதிந்ததை அப்படியே போடாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். எட்டில் ஒரு பங்காக்கினால் மூன்று ஸ்தாயி. ஒரு கோயில் மணியின் ஒற்றை அடியை எட்டில் ஒன்றாக மெதுவாக்கிக் கேட்டுப் பாருங்கள். மேல் அதிர்வெண்கள் எல்லாம் கீழே இறங்கி, மேலே வெறுமையாகி, சத்தம் இருண்டு போகும். அந்த இருட்டுத்தான் பலர் விலை கொடுத்து வாங்கும் ப்ளகின்களில் (மென்பொருளோடு சேர்க்கும் சிறு கருவிகளில்) தேடுவது.

தவிலும் நாதஸ்வரமும் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இணுவிலும் அளவெட்டியும் அந்தக் கலைக்குப் பேர்போன ஊர்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாடே கொண்டாடியது. ஆனால் திருவிழாவில் போனை நீட்டி எடுத்துப் பாட்டில் போடாதீர்கள். வித்துவானிடம் போய், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, கேட்டு, ஒரு தொகை கொடுத்துப் பதியுங்கள். நாங்கள் அப்படிப் போனபோது ஒருவர் தவிலின் தொப்பிப் பக்கத்தை மட்டும் மெல்லத் தட்டி, கையை எடுக்காமல், நாங்கள் கேட்காத சத்தங்கள் எல்லாம் தந்தார். திருட்டில் அது கிடைத்திருக்காது.

கரண்டின் சுருதி

இதை நான் எங்கும் எழுதிக் கண்டதில்லை, ஆனால் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. இலங்கையில் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஃபேன், டிரான்ஸ்ஃபோர்மர், சரியாக எர்த் பண்ணாத வயர் எல்லாம் 50, 100, 150 ஹேர்ட்சில் முனகும். அதை முழுதாக நீக்கப் போனால் குரலும் சேர்ந்து மெலியும்.

கீபோர்டில் கீழ் ஸ்தாயி ஜி 49 ஹேர்ட்ஸ். அதாவது ஐந்து கட்டை. வீட்டு முனகல் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. மச்சாளும் ஐந்து கட்டையில் பாடுபவள். ஆகவே சின்தசைசர் எல்லாவற்றிலும் ஏ என்ற ஸ்வரத்தை 440இல் இருந்து 449 ஹேர்ட்சுக்கு உயர்த்துகிறோம். அப்போது முனகல் ஏறக்குறையச் சரியாக ஷட்ஜத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கரண்ட் 50ஐச் சுற்றிச் சிறிது ஏறி இறங்கும்தான், ஆனால் காதுக்கு அது தம்புராவின் அசைவாகவே படும். பதிவில் மிச்சம் மீதி முனகல் இருந்தாலும் பாட்டோடு சண்டை பிடிக்காது. வேறு கட்டையில் பாடுபவர் என்றால் இந்த வழியை விட்டுவிட்டு, கரண்ட் நிற்கும் நேரத்தில் பதியுங்கள். லப்டொப் பற்றரியில் ஓடும், இன்டர்ஃபேஸும் அதிலேயே ஓடும். அயலில் தண்ணீர் மோட்டார் இல்லை, தொலைக்காட்சி இல்லை. பட்டணத்துக்குள் ஜெனரேட்டர்கள் தொடங்கிவிடும், ஆனால் ஊர்ப்பக்கம் என்றால் அதைவிட அமைதியான ஸ்டூடியோ கிடைக்காது.

ராகம் பார்த்துப் போர்வை போடுங்கள்

பின்னணியில் நீளமாக நிற்கும் சின்தசைசர் ஒலியை பேட் என்பார்கள். வைட்டலில் இரண்டு சோடூத் அலைகளை எடுத்து, ஒன்றை மற்றதில் இருந்து 10 சென்ட் (அரைச் சுரத்தில் பத்தில் ஒரு பங்கு) அளவு விலக்குங்கள். மேல் அதிர்வெண்களை வெட்டும் லோபாஸ் ஃபில்டரை 800 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள். ஒலி எழும்ப 2 விநாடி, விட்ட பிறகு அடங்க 4 விநாடி. ஃபில்டரை ஒரு எல்எஃப்ஓ (தானாக ஏறி இறங்கும் அலை) மிக மெதுவாகத் திறந்து மூடட்டும். நாங்கள் நிமிடத்துக்கு 75 அடி வேகத்தில் செய்வதால், நான்கு பாருக்கு ஒரு சுற்று என்றால் 12.8 விநாடி. கேட்பவருக்கு அசைவு தெரியக்கூடாது, ஆனால் நிறுத்தினால் ஏதோ குறைந்தது தெரிய வேண்டும்.

சங்கீதம் படித்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீண்ட ரிவேர்பில் முதல் பாடிய ஸ்வரம் அடங்க முன்பே அடுத்த ஸ்வரம் வந்துவிடும். இரண்டும் அரைச் சுர இடைவெளியில் இருந்தால் கரகரக்கும். மோகனம், மத்யமாவதி, சுத்த சாவேரி, இந்தோளம் ஆகியவற்றில் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்கள் அரைச் சுரத்தில் நெருங்குவதே இல்லை. எத்தனை ஸ்வரம் ஒன்றன்மேல் ஒன்று தங்கினாலும் இனிமையாகவே இருக்கும். மாயாமாளவகௌளையில் அப்படி நான்கு இடம் இருக்கிறது. அதில் செய்யக்கூடாது என்றில்லை. செய்தால் ரிவேர்ப் ஒரு விநாடிக்கு மேல் போகக்கூடாது.

பேட்டில் ஸ–ப மட்டும் வையுங்கள் (இந்தோளத்தில் ப இல்லை, அதற்கு ஸ–ம). காந்தாரத்தைச் சின்தசைசருக்குக் கொடுத்தால் அது அசையாமல் நிற்கும், குரலில் வரும் கமகம் அதில் மோதும். காந்தாரத்தைப் பாடுபவருக்கே விட்டுவிடுங்கள். குரல் திருத்தும் ப்ளகின் பாவிப்பவர்களும் அதன் வேகத்தை மிகவும் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கமகத்தை எல்லாம் படிக்கட்டு ஆக்கிவிடும். நாங்கள் அதைத் தொடுவதே இல்லை.

நான்கு தூரம்

ரீப்பரில் ஒவ்வொரு தடத்துக்கும் நாங்கள் நான்கு பெயர்களில் ஒன்றை முன்னால் எழுதுவோம்: காதடி, முற்றம், ஒழுங்கை, கடல். எந்தத் தூரம் என்று சொல்ல முடியாத தடத்தை அழித்துவிடுவோம்.

காதடியில் முதன்மைக் குரல் மட்டும்தான் நிற்கும். முற்றத்தில் கிக், பேஸ், பாட்டின் முக்கியமான சின்தசைசர் வரி. ஒழுங்கையில் துணைக் குரல்கள், மணி, தவில். கடலில் பேட்டும் காற்றும் மெதுவாக்கிய பதிவுகளும்.

இனி, காது தூரத்தை எப்படி அறிகிறது என்று பார்க்க வேண்டும். கிட்ட நிற்பவர் பேசினால் அவர் குரல் நேரே வந்துவிடும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பிந்தித்தான் வரும். தூரத்தில் நிற்பவரின் நேர் ஒலியும் எதிரொலியும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். நேர் ஒலியின் பங்கும் குறைந்துவிடும். காற்று மேல் அதிர்வெண்களை விழுங்குவதால் கூர்மையும் போய்விடும். இந்த மூன்றையும் நீங்கள் கையால் செய்யலாம்.

ரிவேர்ப் ப்ளகின்களில் ப்ரீடிலே என்று ஒரு திருகு இருக்கும். நேர் ஒலிக்குப் பிறகு எதிரொலி எவ்வளவு பிந்தித் தொடங்க வேண்டும் என்பதை அது வைக்கும். பலர் அதைத் தொடுவதில்லை, ஆனால் தூரத்தைத் தீர்மானிப்பதே அதுதான். எங்கள் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். ப்ரீடிலேயை 50 மில்லிவிநாடியில் வைத்தால், சுவர் எட்டு ஒன்பது மீற்றர் தள்ளி இருக்கிறது, பாடுபவர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று காது நம்பும். ஆகவே காதடிக் குரலுக்கு 50, முற்றத்துக்கு 20, ஒழுங்கைக்கும் கடலுக்கும் பூச்சியம்.

ரிவேர்ப் நீளம் முற்றத்துக்கு ஒரு விநாடிக்குள், ஒழுங்கைக்கு 2 முதல் 3, கடலுக்கு 6 முதல் 8 விநாடி. கடல் தடங்களில் மூல ஒலியை முழுதாக அணைத்து எதிரொலியை மட்டும் விடுவோம். எல்லா ரிவேர்புக்கும் பின்னால், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஈக்யூ போட்டு 250 ஹேர்ட்சுக்குக் கீழே வெட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் பேஸும் எதிரொலியும் சேர்ந்து பாட்டு சேறாகும். கடலுக்கு 3 கிலோஹேர்ட்சுக்கு மேலும் வெட்டுங்கள், ஒழுங்கைக்கு 5 கிலோஹேர்ட்சுக்கு மேல்.

ஒலியைச் சிறிது பிந்தித் திரும்பச் சொல்லும் டிலேயைக் கணக்குப் பார்த்து வையுங்கள். 60,000ஐ வேகத்தால் பிரித்தால் ஓர் அடிக்கு எத்தனை மில்லிவிநாடி என்று வரும். 75 என்றால் 800. அரை அடி 400, முக்கால் அடி 600. நாங்கள் குரலில் 600ஐத்தான் கூட எடுப்போம்; அது தாளத்தின் மேல் விழாமல் இடையில் விழுவதால், சொற்கள் மறையாமல் வெளி மட்டும் கூடும்.

கிணற்று ரிவேர்ப்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஓர் இடத்தின் எதிரொலியைப் பதிந்து, அதற்குள் எந்தச் சத்தத்தையும் வைக்கலாம். இதற்குக் கொன்வொலூஷன் ரிவேர்ப் என்று பெயர். ரீப்பரோடு வரும் ரீவேர்ப் (ReaVerb) என்ற ப்ளகினே இதைச் செய்யும்.

கிணறு இல்லாத பழைய வளவு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? ஆள் குளிக்க வர முதல், காற்று விழுந்திருக்கும் விடியப்புறத்தில் போங்கள். போனைக் கயிற்றால் நன்றாகக் கட்டி, கிணற்றுக் கட்டில் மைக் உள்ளே பார்க்க வையுங்கள். எதிர்ப்பக்கக் கட்டில் நின்று, கையை உள்ளே நீட்டி, நன்றாக ஊதிய பலூன் ஒன்றை உடையுங்கள். பதிவு அளவை முதலே குறைத்து வைக்க வேண்டும். பலூன் சத்தம் நினைப்பதைவிடப் பெரியது, உச்சம் வெட்டுப்பட்டால் அந்தக் கோப்பு உதவாது. கடைசி ஒலி அடங்கும் வரை மூச்சையும் அடக்கிக்கொண்டு நில்லுங்கள். பிறகு கோப்பில் வெடிப்புக்கு முன்னால் உள்ள அமைதியை வெட்டி, ரீவேர்பில் ஏற்றுங்கள், மூல ஒலியை அணைத்துவிடுங்கள்.

வட்டமான கல் சுவரும் கீழே தண்ணீரும் சேர்ந்து, கிணறு தனக்கென்று சில சுருதிகளைத் தூக்கிக் காட்டும். எந்தச் சுருதி என்பது அகலத்தையும் நீர்மட்டத்தையும் பொறுத்தது. மாரியில் நீர் மேலே வந்த பிறகு பதிந்ததும் கோடையில் பதிந்ததும் ஒன்றாக இராது, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்சார் வீட்டு நடு முற்றம், வெறுமையான தண்ணீர்த் தாங்கி, அரிசி ஆலை எல்லாவற்றிலும் இதையே செய்யலாம்.

குரல்

மைக்கில் இருந்து நான்கு விரல் தள்ளி, கொஞ்சம் சரிந்து நின்று பாடுங்கள். ப, த போன்றவற்றின் காற்று நேரே அடிக்காது. சீமெந்து நிலமும் வெறும் சுவரும் உள்ள அறை என்றால், சேலை நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வை. அறையின் எதிரொலி குரலோடு பதிந்துவிட்டால், பிறகு அதைக் காதடிக்குக் கொண்டுவரவே முடியாது.

உரத்துப் பாட வேண்டாம். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையை எழுப்பாமல் பாடும் அளவு போதும். மெல்லிய குரலை, உரத்ததையும் மெல்லியதையும் சமப்படுத்தும் கம்ப்ரெசரால் முன்னே கொண்டுவரும்போது மூச்சும் நாக்கின் அசைவும் கேட்கும், அந்த நெருக்கம்தான் பின்னால் உள்ள கடலைக் கடலாக்குகிறது. அமெரிக்காவின் பீச் ஹவுஸ் இருவரையும் கேட்டுப் பாருங்கள். விக்டோரியா லெக்ராண்டின் குரல், ஓகன், அலெக்ஸ் ஸ்கலியின் கிற்றார், எளிமையான தாளப்பெட்டி. வேறு அதிகம் இல்லை. அவ்வளவு சிலவற்றில் அவ்வளவு இடம் இருக்கிறது.

வரி எழுதும்போதே எதிரொலியை நினையுங்கள். அடியின் கடைசியில் நெடிலோ மெல்லினமோ இருந்தால் எதிரொலி அழகாக நீளும். வல்லினம் நெருக்கமாக வரும் அடிக்கு டிலேயை அணைத்துவிடுங்கள், டக் டக் என்று திரும்பி வந்து அடுத்த சொல்லை மூடிவிடும்.

இருவர் என்றால்

ஒருவர் சேர்ப்பவர், மற்றவர் எடுப்பவர். இதை ஒவ்வொரு பாட்டுக்கும் முதலே முடிவு செய்கிறோம். நான் கட்டிய பாட்டைத் தடம் தடமாக அனுப்பினால், மச்சாள் கேட்டுவிட்டுக் குரல் செய்தி அனுப்புவாள்: "உந்த மணி கிட்ட நிக்குது, ஒழுங்கைக்கு விடு." அல்லது, "ரெண்டாவது பேட் எதுக்கு? எடு." எடுப்பவர் சொன்னால் எடுத்தே ஆக வேண்டும், வாதம் இல்லை, ஒரு கிழமை கழித்தும் அது இல்லாமல் பாட்டு நிற்கவில்லை என்றால் மட்டும் திரும்பிப் பேசலாம். அடுத்த பாட்டில் வேலை மாறும்.

மொத்தம் எட்டுத் தடம் என்பது எங்கள் எல்லை. யூரித்மிக்ஸ் என்ற இருவர், ஆனி லெனொக்ஸும் டேவ் ஸ்டுவர்ட்டும், 1983இல் உலகமெங்கும் கேட்கப்பட்ட தங்கள் இசைத்தொகுப்பை பெரும்பாலும் எட்டுத் தட டேப் இயந்திரத்தில்தான் பதிந்தார்கள். கணினியில் நூறு தடம் திறக்கலாம் என்பதற்காகத் திறக்க வேண்டியதில்லை. இரண்டு பேரின் இசையில் இரண்டு பேர் கேட்க வேண்டும்.

முடித்து வெளியிடுவது

முதலில் மோனோவில், அதாவது இடமும் வலமும் ஒன்றாகச் சேர்த்து, கேளுங்கள். விலக்கி வைத்த சின்தசைசர் ஒலிகள் மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிடலாம். அப்படி நடந்தால் விலகலைக் குறையுங்கள். பிறகு போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அதில் கீழ் அதிர்வெண்கள் வரவே வராது, ஆகவே பேஸில் சிறிது சற்றுரேஷன் (இலேசான ஒலிச் சிதைவு) சேர்த்து மேல் ஹார்மோனிக்குகளை எழுப்புங்கள். கடைசியாக பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து ஹெட்போனில் கேளுங்கள். அந்த இரைச்சலிலும் குரலின் சொல் விளங்க வேண்டும். கடல் மறைந்தால் பரவாயில்லை.

ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதில்தான் கேட்கிறார்கள். அது பாட்டுகளை ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் என்ற உரப்பு அளவுக்குச் சமப்படுத்தும். அதைவிட உரத்துச் செய்தால் அதுவே குறைத்துவிடும், நீங்கள் நசுக்கியதுதான் மிச்சம். எங்கள் வகை இசைக்கு அது நல்லது. மைனஸ் 14ஐ ஒட்டியும், உச்சம் மைனஸ் 1 டெசிபெலுக்கு மேல் போகாமலும் விட்டால், மெல்லிய இடங்கள் மெல்லியதாகவே இருக்கும். விநியோகச் செயலியில் ஏற்றும்போது பாடியவர், எழுதியவர், தவில் வாசித்தவர் எல்லார் பெயரையும் அதற்குரிய கட்டத்தில் தமிழிலேயே எழுதுங்கள். வெளியீட்டு நாளை மூன்று நான்கு கிழமை முன்கூட்டியே குறியுங்கள். மூலப் பதிவுகளை லப்டொப்பில் மட்டும் வைக்காமல் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், மற்றவர் வீட்டிலும் ஒரு பிரதியாக வையுங்கள். உப்புக் காற்றும் கரண்ட் ஏற்ற இறக்கமும் உள்ள ஊரில் ஒரே பிரதி போதாது.